பாலத்தடி அருந்ததி

நாவற்குழிப் பாலத்தைப் பற்றி யாராவது கதையெடுத்தால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாயை மூட மாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஒடுக்கப் பாலத்தில் எதிரே பஸ் வந்துவிட்டால், மாட்டைப் பின்னுக்குத் தள்ள வண்டிக்காரன் பட்ட பாட்டை ஒருவர் சொல்லுவார். பக்கத்து ரயில் பாலத்தால் கொழும்பு மெயில் போகும்போது தூண்டில் போட்டுக்கொண்டு இருந்தவனின் காலடி அதிருமென்று இன்னொருவர் சொல்லுவார். பிறகு ரயில் நின்றது. தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டையையும் பங்கர் கட்டக் கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாயிரமாம் ஆண்டில் மறுபடி ஷெல் விழுந்தது. பாதையைத் திறந்தார்கள், பூட்டினார்கள், திரும்பத் திறந்தார்கள். அகலமாய்ப் பாலம் வந்தது, ரயிலும் வந்தது. இவ்வளவையும் ஒரு கோப்பை பிளேன்ரீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்கள், கெட்டிக்காரர்.

யார் எங்கே தொடங்கினாலும் கதை கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி மாதம். சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் அந்தப் பாலத்தால் நடந்தது. நாங்கள் அதை இடப்பெயர்வு என்று சொல்லுவோம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தரம் இடம்பெயர்ந்திருக்கிறோம். ஆனாலும் வெறுமனே இடப்பெயர்வு என்று சொன்னால் அது ஒன்றுதான்.

பாலத்தால் இறங்கிச் சாவகச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கு இடது கையில் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. கூரைத் தகரத்தை உப்புக் காற்று தின்றுவிட்டது. இருக்க ஒரு வாங்கு, ஒரு மேசை, கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு வாய்ப்பன். வண்டிச் சாரதிமார் அதைப் 'பாலத்தடி அருந்ததி கடை' என்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இடப்பெயர்வுக் கதை சொன்னவரிடம் அருந்ததி தேத்தண்ணிக்குக் காசு வாங்க மாட்டாள். இதைக் கேள்விப்பட்டு, அப்போது தாயின் வயிற்றில்கூட இல்லாத பொடியன்கள் வந்து தாங்கள் நடந்து வந்ததாகப் புளுகுவார்கள். அவள் அதையும் கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றுவாள்.

கதை முடிந்ததும் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தாயை அங்காலை இருத்திப்போட்டுத் திரும்பிப் பாலத்துக்கு வந்த ஆள் ஒருத்தரைக் கண்டனீங்களோ? நீலக் கோடு போட்ட சறம், வெள்ளைப் பெனியன், தோளிலை துவாய்." இல்லை என்பார்கள். பாவம் பார்த்துச் சிலர் கண்டதுபோல இருக்கு என்பார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது. இவ்வளவு காலமாக அந்தக் கடையில் தேயிலை கொதிக்கிறதென்றால் அது வயிற்றுப்பாட்டுக்காக மட்டுமல்ல. யாராவது ஒருவர் கதையில் அவர் வருவார் என்பதற்காகத்தான்.

அவர் யார் என்று கேட்டால் நான் சொல்லுவேன். நீர்வேலிச் சிவசுப்பிரமணியம். எனக்கென்ன, நான் சொல்லலாம். அவள்தான் சொல்லக்கூடாது.

அருந்ததி பிறந்தது மட்டுவிலில். கட்டிக்கொடுத்தது நீர்வேலிக்கு. சிவசுப்பிரமணியத்துக்குச் செம்மண்ணில் ஒரு வாழைத் தோட்டம், கதலியும் இதரையும். ஆள் அதிகம் கதைக்க மாட்டான். குலை வெட்டுகிற நாளில் முதற் சீப்பை உடைத்துக் கொண்டுவந்து அடுப்படிப் படியில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவான். அது அவளுக்கென்று வைத்தது என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு நல்ல மனிசன். தாய் சின்னாச்சிதான் கொஞ்சம் காரம். தகப்பனில்லாமல் வளர்த்த ஒற்றைப் பிள்ளை, அதனால் வந்த காரம்.

கலியாணம் முடிந்த புதிதில் ஒருநாள், தோட்டத்தில் இறைப்பு நடக்கிறது. மெசின் சத்தத்தில் இவள் சாப்பிடக் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று, எங்கள் பெண்கள் எல்லாரும் புருசனைக் கூப்பிடுகிறதுபோல, தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். பிறகு விளையாட்டாக "சிவ..." என்று வாயெடுத்தாள், அவ்வளவுதான். பின்னால் நின்ற சின்னாச்சி அவளுடைய வாயில் ஒன்று போட்டாள்.

"எடியே, புருசன்ரை பேரைச் சொன்னால் ஆயுள் குறையுமெண்டு உன்ரை கொம்மா சொல்லித் தரேல்லையோ? என்ரை பிள்ளையைத் தின்னப் போறியோ?"

எந்த மடையன் கண்டுபிடித்த சாத்திரமோ தெரியாது. பேரில் ஆயுள் இருந்திருந்தால் எங்கள் ஊரில் இவ்வளவு சனம் செத்திருக்காது. ஆனால் அருந்ததிக்கு அந்த அடி நோகவில்லை, பயந்தான் வந்தது. சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்று இரவு முழுக்கப் புரண்டு படுத்தாள். பிறகு ஒருநாளும் அந்தப் பேர் அவள் வாயில் வரவில்லை.

அதுவே ஊருக்கு ஒரு பகிடியாகவும் போயிற்று. ஊர் அதிகாரியான விதானையார் குடும்பப் பதிவுக்கு வந்து வாசற் படலையில் நின்று, "பிள்ளை, வீட்டுக்காரர்ரை பேர் என்ன?" என்று கேட்டார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அருந்ததி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "முருகன்ரை பேர்" என்றாள்.

"முருகனுக்கு ஊரிலை இல்லாத பேரோ? வேலாயுதமோ?"

தலையை ஆட்டினாள்.

"கந்தசாமியோ? சண்முகமோ? கதிர்காமரோ?"

"இல்லை... முன்னாலை தேப்பனும் நிக்கிறார்."

விதானையார் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "அட, சிவன்! சிவசுப்பிரமணியம்!" என்று தொடையில் தட்டினார். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. அந்த வருடம் முழுக்க நீர்வேலிச் சந்தியில் அவனைக் கண்டால், "என்ன, தேப்பனும் மோனும் ஒண்டாய் வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்பார்கள். அவன் சிரித்துக்கொண்டு போவான்.

பிள்ளையொன்று பிறந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. எங்கள் பெண்கள் பிள்ளையின் பேரைச் சொல்லி, இன்னாரின்ரை அப்பா என்று கூப்பிட்டுத் தப்பிக்கொள்வார்கள். அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார்கள். நேர்த்தி தீர்க்க முதல் சண்டை வந்துவிட்டது.

சண்டை நீர்வேலிப் பக்கம் நெருங்கியபோது மூவரும் நல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார்கள். குலை ஈன்று நிற்கிற வாழையை விட்டுவிட்டு வந்தேனே என்று சிவசுப்பிரமணியத்துக்கு அதே கவலை. அங்கே போய் இரண்டு கிழமை ஆகவில்லை. ஒரு பின்னேரம் ஒலிபெருக்கி கட்டின வாகனம் வந்து, எல்லாரும் உடனே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போங்கள் என்றது. எதைத் தூக்குவது, எதை விடுவது? ஒரு சைக்கிள்தான். பின் கரியரில் சின்னாச்சியை இருத்தினான். அவளுக்கு முழங்கால் வீக்கம், நடக்க மாட்டாள். ஹாண்டிலில் இரண்டு உரப்பை. அருந்ததி தலையில் ஒரு மூட்டையோடு கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

"கரியரை விட்டிடாதையும்" என்றான் அவன். அவன் அவளோடு ஒழுங்காகக் கதைத்த கடைசிக் கதை அதுதான்.

அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்லியும் விளங்காது. ஒரு அடி வைக்கச் சில வேளை அரை மணித்தியாலம். மேலே மழை, கீழே சேறு, இரண்டு பக்கமும் வெள்ளம். தாகத்துக்குக் குடையை விரித்துக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணி குடித்தார்கள். ஒருத்தி தையல் மெசினைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒருவன் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பைக் கையில் பொத்திக்கொண்டு வந்தான், வேறொன்றும் இல்லை. ஒரு கிழவரை மண் அள்ளுகிற தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் எப்போதோ செத்துப்போயிருந்தார், தள்ளினவர்களுக்குத் தெரியாது. இரவெல்லாம் நடந்து விடிகிற நேரந்தான் இவர்கள் பாலத்தின் வாசலுக்கு வந்தார்கள்.

அங்கே ஒரு மாட்டுவண்டியின் சில்லு கழன்று வண்டி குறுக்கே சரிந்தது. சனம் ஓவென்று கத்திக்கொண்டு இரண்டாகப் பிரிந்தது. அருந்ததியின் கை கரியரை விட்டது. விட்டதென்று நான் சொல்கிறேன், பறித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மூட்டை எங்கேயோ போயிற்று. அவளைத் தெருவோரச் சரிவில் தள்ளிக்கொண்டு போய் முழங்கால் தண்ணீரில் விட்டார்கள். ஏறி வர நெடுநேரமாயிற்று. ஏறிப் பார்த்தால் குடைகளும் தலைகளுந்தான். சைக்கிளும் இல்லை, மாமியும் இல்லை, அவரும் இல்லை.

"இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டாள்.

நாற்பது ஐம்பது ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருவன் முகத்திலும் அப்படி ஒரு ஆசை. அவளைக் கண்டதும் அவ்வளவு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்குக் காது திறந்தது. முன்னாலும் பின்னாலும், பாலத்தின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் மட்டும், பெண்கள் எல்லாரும் இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ என்றுதான் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தியாவது பேர் சொல்லவில்லை. அவ்வளவு பேருக்கும் புருசனுடைய ஆயுள் முக்கியம்.

பாலத்தின் நடுப்பகுதியில் கட்டுச் சுவரில் ஒரு ஆள் குடை பிடித்தபடி குந்தியிருந்தார். பக்கத்தில் றிம் நெளிந்த சைக்கிள், நிறையச் சாமான். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். அருந்ததி அவர் முன்னால் போய் விழாத குறையாக நின்றாள்.

"ஐயா, எங்கடை அவரைக் கண்டனீங்களோ? தாயைச் சைக்கிளிலை வச்சுத் தள்ளிக்கொண்டு வந்தவர்."

"அப்பிடி எத்தினையோ பேர் போகினம் பிள்ளை. அவர்ரை பேர் என்ன? பேரைச் சொல்லும்."

வாய் திறந்தாள். என்ன சொல்ல? தாலியைப் பிடித்துக்கொண்டாள். ஷெல் கூவுகிற சத்தம் கேட்கிறது. இந்த நேரத்தில் பேரைச் சொன்னால் அவருக்கு ஏதும் ஆகிவிடாதா?

"முருகன்ரை பேர்..."

"வேலாயுதமோ? கந்தசாமியோ?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். மற்றதைச் சொல்ல வாயெடுக்கப் பின்னால் இருந்து ஒரு இடி. சனம் அவளைக் கொண்டுபோயிற்று. திரும்பிப் பார்த்தாள், அந்த ஆள் அடுத்த பெண்ணிடம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாலம் இறங்கின இடத்தில் ஒரு பூவரச மரத்தடியில் சின்னாச்சி குந்தியிருந்தாள். சைக்கிள் மரத்தில் சாத்திக் கிடந்தது. மருமகளைக் கண்டதும் ஒப்பாரி வைத்தாள்.

"எடி பிள்ளை, உன்னைத் தேடியெல்லோ அவன் திரும்பிப் போனவன்! எல்லாப் பொம்பிளையளும் இஞ்சாருங்கோ எண்டுதானம்மா கத்தினம், எது அவவின்ரை குரலெண்டு தெரியேல்லை, போய்ப் பாத்துக் கொண்டு வாறன் எண்டு போனவன். வாயிலை கொழுக்கட்டையோ உனக்கு? என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னடி?"

அருந்ததி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் பாலத்துக்கு ஓடப் பார்த்தாள். எதிரே வருகிற சனம் அவளை ஒரு முழங்கூட விடவில்லை. சின்னாச்சி காலைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் போனால் நான் ஆரோடை இருக்கிறது? வருவான், இதிலை நில்." நின்றார்கள். அன்று நின்றார்கள், மறுநாளும் நின்றார்கள். பிறகு கொடிகாமத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடம், அதன் பிறகு ஒரு கொட்டில். அவன் வரவில்லை.

வலிகாமத்துச் சனம் பிறகு திரும்பிப் போயிற்று. அருந்ததி நீர்வேலிக்குப் போய்ப் பார்த்தாள். வாழையெல்லாம் சரிந்து கிடந்தது, வீட்டில் கூரையில்லை. நல்லூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டாள். இடம்பெயராமல் அங்கேயே நின்ற ஒரு கிழவி, யாரோ ஒரு ஆள் தனியே வந்து வாங்குகளுக்குள் தேடித் திரிந்ததைக் கண்டதாகச் சொன்னாள். அது யாரோ, எவரோ. கேட்கக்கூடிய இடமெல்லாம் கேட்டாள். தடுப்பு முகாமில் இருக்கிறாரோ என்று பூசாவரைக்கும் போனாள். ஒரு இடத்திலும் அப்படி ஒரு ஆள் இல்லை. பிறகுதான் மட்டுவில் தமையன்மார் சொல்லச் சொல்லக் கேளாமல், பாலத்தடிக்கு வந்து இந்தக் கொட்டிலைப் போட்டாள்.

சின்னாச்சி சாகும்வரைக்கும் அவளோடுதான் இருந்தாள். இரண்டு பெண்களும் ஒரு பானையில் சமைத்தார்கள், ஒரு பாயில் படுத்தார்கள். அந்த ஒரு கதையை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. சாகிற நேரம் சின்னாச்சி, "வந்தால் கோழி அடிச்சுச் சமைச்சுக் குடு" என்றாள். மன்னிப்பு என்று கேட்கத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

அருந்ததி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. திவசமும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. அதனால் கலியாண வீட்டில் அவளை ஆலாத்தி எடுக்கக் கூப்பிட மாட்டார்கள். செத்தவீட்டில் கைம்பெண்களோடும் சேர்க்க மாட்டார்கள். எந்தப் பந்தியிலும் அவளுக்கு ஒழுங்கான இடம் கிடையாது. செம்மணிப் புதைகுழியில் தோண்டி எடுத்த உடுப்புகளைச் சனத்துக்குக் காட்டினார்கள் அல்லவா, அங்கேயும் போய் வரிசையில் நின்றாள். நீலக் கோட்டுச் சறம் இருக்கவில்லை. இல்லையென்று சந்தோசப்படுவதா, அழுவதா? வந்து அடுப்பை மூட்டினாள். அவளுடைய நெஞ்சுக்குள் ஒரு தேற்றம் இருந்தது. அவர் தன்னைத் தேடித்தான் போனார், மழையிலும் சனத்திலும் தவறிப்போனோம், யார் என்ன செய்ய முடியும், அது விதி. அந்த விதி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனிசி முப்பது வருடம் இருந்தாள். அதையாவது விட்டுவைத்திருக்கலாம்.

போன ஐப்பசியில் ஒரு காலைநேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வான் வந்து நின்றது. எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஐசாக் மாஸ்டர். பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டு ஊர் பார்க்க வந்தவர். கூட வந்தது மருமகன் ஜஸ்ரின். பெரியவர் வாங்கில் இருந்து பாலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஐயா இடப்பெயர்வு நேரம் இதாலை வந்தனீங்களோ?" என்று அருந்ததி வழக்கம்போலக் கேட்டாள்.

"வந்ததோ! அரைநாள் இந்தப் பாலத்திலைதான் குடியிருந்தனான் பிள்ளை. சைக்கிள் றிம் நெளிஞ்சு போச்சு. மகன் வேறை சைக்கிள் கொண்டு வாறன் எண்டு போட்டுப் போனவன். நான் சாமானுக்குக் காவல், பாலக்கட்டிலை." மாஸ்டர் மருமகன் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அண்டைக்கு நான்தான் பாலத்துத் தபால்கந்தோர், தெரியுமோ? ஒரு இடத்திலை அசையாமல் இருந்த ஆள் நான் ஒருத்தன்தானே. பெஞ்சாதியைத் துலைச்சவன், தாயைத் துலைச்சவன் எல்லாரும் என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போவினம். அஞ்சு பேர்ரை பேரை மனசுக்கை வச்சுக்கொண்டு, வாற பொம்பிளையளிட்டை எல்லாம் உங்கடை அவர்ரை பேர் என்ன, பேர் என்ன எண்டு கேட்டுக்கொண்டிருந்தன். நாலு குடும்பத்தைச் சேர்த்து வச்சனான்."

"கெட்டிக்காரர்தான் மாமா" என்றான் ஜஸ்ரின்.

"ஒரு ஆளைத்தான் சேர்க்க முடியேல்லை." மாஸ்டரின் சிரிப்புக் குறைந்தது. "பாவம், தங்கமான மனிசன். தாயை அங்காலை மரத்தடியிலை இருத்திப்போட்டு மனிசியைத் தேடி வந்தவர். வந்த பக்கத்துத் தொங்கலிலை நிக்கிறாவோ எண்டு செம்மணி வெளிவரைக்கும் பாத்துக்கொண்டு வாறன், அதுக்கிடையிலை மனிசி வந்தால் இதிலை இருத்தி வையுங்கோ மாஸ்டர் எண்டு போனார். ஒரு மணித்தியாலத்திலை திரும்பி வந்தார். வந்தவவோ எண்டு கேட்டார். ஒருத்தியும் உம்மடை பேர் சொல்லேல்லையே தம்பி எண்டன். அப்ப அவ இன்னும் பாலத்துக்கே வந்து சேரேல்லை, நல்லூருக்குத்தான் திரும்பிப் போயிருப்பா, தனியப் பயப்பிடுவா எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். அந்தப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருக்குது. போகாதையும் எண்டன். கேக்கேல்லை. பிறகு நான் அதிலை இருந்தவரைக்கும் அவர் வரேல்லை."

அருந்ததி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கிளாசில் இருந்து கோப்பைக்கும் கோப்பையிலிருந்து கிளாசுக்கும் கை தானாகப் போய்வந்தது. முப்பது வருடம் கேட்ட கேள்வியை இன்றைக்கு மாற்றிக் கேட்டாள்.

"என்ன உடுத்திருந்தவர்?"

"சறம். தோளிலை ஒரு துவாய், அதாலை முகத்தைத் துடைச்சுத் துடைச்சுக் கதைச்சவர். மழையோ கண்ணீரோ தெரியேல்லை." மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் பிள்ளை, உமக்குத் தெரிஞ்ச ஆக்களோ?"

"என்ன பேர் சொன்னவர்?"

"அங்கைதான் பாரும் பிழை. நீளமான பேர், வயசு போச்சு, இப்ப வருகுதில்லை. ஆரும் சொன்னால் டக்கெண்டு பிடிப்பன். நீர் தேடுற ஆளின்ரை பேரைச் சொல்லும் பாப்பம்."

கிளாசை மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தாள். கை தானாகத் தாலிக்குப் போயிற்று. இப்போது சொன்னால் தெரிந்துவிடும். ஓம் என்பார், அல்லது இல்லை என்பார். வேறு யாரோ ஒருத்தியின் புருசனாக இருக்கட்டும், முருகா, வேறு யாரோவாக இருக்கட்டும் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பழக்கம் பொல்லாதது, அறுபது வயதிலும் வாய் அதே பாதையால்தான் போயிற்று.

"முருகன்ரை பேர்" என்றாள்.

ஐசாக் மாஸ்டரின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. அவளுடைய முகத்தைப் பார்த்தார். தாலியைப் பிடித்த கையைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போயிற்று.

"பிள்ளை... மழைக்குள்ளை வந்து... அது நீரோ?"

"முன்னாலை தேப்பனும் நிக்கிறார் எண்டு சொல்ல வாயெடுத்தனான் மாஸ்டர். சனம் இடிச்சுப்போட்டுது."

"ஐயோ கர்த்தரே!" மாஸ்டர் தடியைத் தேடினார், எழும்ப முடியவில்லை. "நான் வேலாயுதம், கந்தசாமி எண்டு கேட்டனே... என்ரை பட்டியலிலை இருந்தது சிவன் பேரெண்டு நினைச்சுக்கொண்டு, முருகன் பேர் இல்லையெண்டு விட்டிட்டனே..."

"நான் வரேக்கை அவர் எங்கை நிண்டவர்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கிறிஸ்தவ வாத்தியார், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"செம்மணி வெளியாலை திரும்பி வந்துகொண்டு இருந்திருப்பார் பிள்ளை. நீர் போய்க் கொஞ்ச நேரத்திலை வந்திட்டார்."

ஜஸ்ரின் மாமாவைப் பிடித்துக்கொண்டான். வாங்கின் மற்றத் தொங்கலில் இருந்த லொறிக்காரர் வாய்ப்பனைக் கையில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார். அருந்ததி அழவில்லை. அடுப்படியில் போய் நின்று, கேத்திலின் மூடியைத் திறந்து பார்த்து மூடினாள். திரும்பி வந்து மாஸ்டருக்கு முன்னால் நின்றாள். யாருடைய உயிர் போய்விடுமென்று இவ்வளவு காலமும் பொத்திப் பொத்தி வைத்தாளோ அந்தப் பேரை, அன்றைக்குப் பாலத்தில் ஒரே ஒரு தரம் சொல்லியிருக்க வேண்டிய அந்தப் பேரை, வாய் நிறையச் சொன்னாள்.

"சிவசுப்பிரமணியம்."

"ஓம்" என்றார் மாஸ்டர். "ஓம் பிள்ளை. அதுதான்."